வீட்டுப் பலகார வியாபாரத்துக்கு எந்த டிஜிட்டல் கருவிகள் உதவும்?

நீங்கள் கேட்டது முறுக்கு, அதிரசம் விற்கும் சிறு வியாபாரத்துக்கு. காசு கட்டும் மென்பொருள் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ், அதாவது வியாபாரிகளுக்கான வாட்ஸ்அப் செயலி. அதிலுள்ள கேட்லாக்கில் (பொருள் பட்டியலில்) படமும் விலையும் போட்டுவிட்டால் "கிலோ என்ன விலைங்க?" என்ற கேள்வி குறையும். 'புது ஆர்டர்', 'பணம் பாக்கி' என்று லேபிள் ஒட்டி வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே பார்சலோடு ஒரு சீட்டு வையுங்கள்: "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்."

அடுத்து கூகுள் டிரெண்ட்ஸ். கூகுளில் ஒரு சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் இலவசத் தளம் இது. தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து 'அதிரசம்' என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பே தேடல் ஏறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப விளம்பரத்தைத் தொடங்கலாம். அதில் வரும் 0 முதல் 100 வரையிலான எண் ஒப்பீட்டு அளவுதான், தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல.

கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் உங்கள் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம். வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கு வந்து வாங்குவதில்லை என்றால் முகவரியை மறைத்து, டெலிவரி செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். போஸ்டருக்கு கேன்வா என்ற வடிவமைப்புச் செயலி போதும். அதிலேயே நாள் முழுக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.