சோதனைக் குழாயில் நன்றாக ஒளிரும் கால்சியம் உணரி நரம்பணுவில் ஏன் அசைய மறுக்கிறது?

கால்சியம் கூடும்போது கூடுதலாக ஒளிரும் உணரிப் புரதத்தைத் தூய்மைப்படுத்தி, அதில் பெரிய ஒளிமாற்றத்தைக் கண்டு, அதே உணரியை வளர்ப்பு நரம்பணுக்களில் வைத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த ஏமாற்றத்தில் நான் ஏறக்குறைய ஓராண்டை இழந்திருக்கிறேன்.

2001இல் நக்காய் குழுவினர் வெளியிட்ட ஜிகேம்ப் (GCaMP) வகை உணரியில்தான் நானும் வேலை செய்தேன். பச்சை ஒளிர்புரதத்தின் பழைய முனைகளை இணைத்துவிட்டு, அதில் ஒளிரும் பகுதியான நிறந்தாங்கிக்கு அருகே புதிதாகத் திறந்து, ஒரு முனையில் எம்13 என்ற சிறு புரதத்துண்டும் (பெப்டைடு) மறுமுனையில் கால்சியத்தைப் பிணைக்கும் கால்மோடுலின் புரதமும் பொருத்தப்பட்டிருக்கும். கால்சியம் பிணைந்ததும் கால்மோடுலின் அந்தப் பெப்டைடைக் கவ்விக்கொள்ள, நிறந்தாங்கியின் சூழல் மாறி, அது புரோட்டானை இழந்து பிரகாசிக்கிறது.

இணைப்புப் பகுதியில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றியபோது எனக்கு அற்புதமான ஒளிமாற்றம் கிடைத்தது. ஆனால் நரம்பணுவில் ஒற்றை மின்துடிப்புக்கு அது அசையவேயில்லை. நான் ஒப்பிட்டிருந்தது கால்சியமே இல்லாத கரைசலையும் கால்சியம் நிரம்பிய கரைசலையும். நரம்பணுவிலோ கால்சியம் ஓய்வில் 50 முதல் 100 நானோமோலார் என்ற மிகக் குறைந்த அளவில் இருக்கிறது, ஒரு துடிப்பு அதைச் சற்றே உயர்த்திவிட்டு விரைவில் தணிகிறது. கால்மோடுலின் நான்கு அயனிகளை ஒத்துழைப்புடன் பிணைப்பதால், பிணைப்பு வளைவின் அடிப்பகுதியில் நிகழும் சிறு ஏற்றம் ஒளியாக மாறுவதில்லை. பிணைப்பை வலுவாக்கினேன்; ஒளி தணியத் தாமதமாகி, அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. 2013இல் ஜிகேம்ப்6 வந்தபோது மெதுவானதும் விரைவானதுமாகத் தனித்தனி வடிவங்கள் தரப்பட்டதன் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சோதனைக் குழாய் அளவீடே வீண் என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பிணைப்பு வலிமையையும் அமிலத்தன்மைக்கான உணர்திறனையும் துல்லியமாக அறிய அது இன்றியமையாதது. ஆனால் தேர்வு நரம்பணுவில்தான் நடக்க வேண்டும். என்னை இன்றும் வருத்துவது வேறொன்று: நான் செய்த அதே மாற்றத்தை இன்னொரு ஆய்வகம் பல ஆண்டுகளுக்கு முன்பே முயன்று கைவிட்டிருந்தது, தோல்வி என்பதால் எங்கும் எழுதவில்லை. தோற்ற வடிவங்களின் பட்டியலும் ஆய்வின் பயன்தான் என்பதை ஏன் ஏற்க மறுக்கிறோம்?

உங்கள் அடுத்த சோதனையில் 1, 3, 10 என மின்தூண்டல்களை எண்ணிக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏறும் நேரத்தையும் தணியும் நேரத்தையும் தனியே குறியுங்கள். உணரியும் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம்தான் என்பதால், அது அளவுக்கு மீறிப் பெருகினால் செல்லின் இயல்பே மாறிவிடும். அப்படிப் பெருகியதன் அடையாளமாக உட்கருவுக்குள்ளும் பச்சை நிறைந்திருக்கும் செல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.