கடலுக்குள் விழும் நிழல்

மதிப்பிற்குரிய ஐயா,

மரம் நிலத்தைக் குளிர்விப்பதுபோல, கடலில் மிதக்கும் நுண்தாவரங்களும் கடல்நீரைக் குளிர்விக்கின்றன என்று என் மகளுக்குச் சொன்னேன். அது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஒப்புமை பாதிவழிதான் வருகிறது. மரம் நிழல் தருவதோடு இலைவழியே நீரை ஆவியாக்கி வெப்பத்தையும் வெளியேற்றுகிறது. மிதவைத் தாவரத்துக்கு அந்த வேலை இல்லை. அதன் பச்சையம் பிடிக்கும் ஒளியில் சிறு பங்குதான் உணவாகிறது, எஞ்சியது சுற்றியுள்ள நீரைச் சூடாக்குகிறது. தெளிந்த நடுக்கடலில் நீல ஒளி பல பத்து மீட்டர் ஆழம்வரை இறங்கும். பச்சையம் செறிந்த நீரிலோ பெரும்பகுதி மேலடுக்கிலேயே தங்கிவிடும். மேற்பரப்பு சூடாக, நிழல் ஆழத்தில் விழுகிறது.

நம் பக்கத்து அரபிக் கடலில் இது தெளிவாகத் தெரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரைகளை ஒட்டி ஆழத்துக் குளிர்நீரைச் சத்துகளோடு மேலே இழுக்க, நுண்தாவரங்கள் பெருகுகின்றன. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோளின், பச்சையத்தின் அளவைக் காட்டும் கடல்நிறப் பதிவுகளைக் கொண்டு, கடலியல் ஆய்வாளர் சுபா சத்யேந்திரநாத்தும் உடன் ஆய்ந்தோரும் 1991இல் ‘நேச்சர்’ இதழில், இந்தப் பருவப் பெருக்கம் அக்கடலின் மேற்பரப்பு வெப்பநிலையையே பாதிக்கக்கூடும் என்று காட்டினார்கள். பருவமழைக்கு ஈரம் கொடுக்கும் கடலின் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கும் பங்குண்டு என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

ஆனால் நீர் நகராமல் நிற்பதில்லை. பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், நிழல் விழுந்து குளிர்ந்த ஆழநீர் கிழக்கே மேலெழும்போது அங்குள்ள மேற்பரப்பு குளிரவும் கூடும். இதில் கணினி மாதிரிகள் ஒருமித்த விடை தருவதில்லை. எல் நினோ என்பது அப்பகுதியின் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் காலம். 1997-98 எல் நினோவின்போது ஆழநீர் மேலெழுவது தளர்ந்து, சத்துகள் குறைந்து, அப்பகுதியில் பச்சையம் மிகவும் தாழ்ந்தது. 1998இல் குளிர்நீர் திரும்பியதும் பெரும் பெருக்கம் உண்டாயிற்று. எல் நினோ தாவரங்களை மாற்றுகிறது. மாறிய தாவரங்கள் ஒளி இறங்கும் ஆழத்தை மாற்றி, அடுத்த மாதங்களின் சூட்டிலும் கை வைக்கின்றன.

நீங்கள் சொன்னது நீண்ட காலக்கணக்கில் பொருந்தும். இத்தாவரங்கள் உண்ட கரியமிலவாயுவின் ஒரு பகுதி, இறந்த உயிர்களோடு ஆழ்கடலுக்கு இறங்கிப் பல நூறு ஆண்டுகள் அங்கேயே தங்குவதால் காற்றுமண்டலத்தின் சூடு குறைகிறது. மகளிடம் பேசும்போது, அந்தக் குளிர்ச்சி நூற்றாண்டுகளுக்கு உரியது, நான் சொன்ன வெப்பம் ஒரு பருவத்துக்கு உரியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.