பெரிய வண்டி, பழைய வண்டி: வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் செட்) போட்ட வண்டிகளைப் பற்றியவை. அதனால் ஒரு பதில் நீண்டுவிட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996 மாடல் லேண்ட் குரூசர் 80, 4.5 பெட்ரோல், மூன்றரை லட்சம் கி.மீ. ஓடியது விலைக்கு வருகிறது. எஞ்சின் அருமை என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது? (சாட்ஸ்வொர்த்)

எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். முதலில் அடியில் படுங்கள். டர்பன் கடற்காற்றில் நின்ற வண்டி மேலே பளபளக்கும், கீழே அரித்துப் போயிருக்கும். சின்னச் சுத்தியலால் சேஸியைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்தால் சரி, மொத்தென்று வந்தால் அந்த இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் உட்காரும் இடங்கள், டெயில்கேட்டின் கீழ் விளிம்பு, பின் சக்கர வளைவின் உட்புறம், கூரை ஓரத் தண்ணீர்க் கால்வாய் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நேற்றுதான் கறுப்புத் தார் பூசிய சேஸி என்றால் எதையோ மூடியிருக்கிறார்கள்.

அடுத்து எஞ்சின். இதில் டைமிங் செயின்தான், பெல்ட் கவலை இல்லை. பலவீனம் ஹெட் கேஸ்கெட்டில் (எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு), அதுவும் கடைசி ஆறாவது சிலிண்டர் பக்கம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தாலும் அப்படியே; இன்னொரு நாள் காலையில் சொல்லாமல் போய் நில்லுங்கள்.

வாங்கிய கையோடு எஞ்சினின் பின்பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் சின்ன ஹீட்டர் ஹோஸை மாற்றுங்கள். விரல் நீள ரப்பர்தான். அது வெடித்துத் தண்ணீர் வடிந்துபோன பிறகு மீட்டரில் வெப்பமுள் சரியாகக் காட்டாது, ஹெட் போய்விடும். ரோட்வர்த்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் கையில் இருக்கிறது என்பது வேறு சங்கதி. கேஸ்கெட்டைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது.

டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஜப்பான் லேண்ட் குரூசர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஃபீனிக்ஸ்)

கூடாது. அந்த வண்டிகள் எல்லை தாண்டிப் பக்கத்து நாடுகளுக்குப் போக இறங்குபவை. பழைய வண்டியை இறக்குமதி செய்ய இங்கே பெர்மிட் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து திரும்பி வருபவர், குடியேறுபவர் போன்ற சிலருக்குத்தான். பதிவு செய்ய முடியாத வண்டி முற்றத்தில் கோழிக்கூடாகத்தான் நிற்கும்.

டீசலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் பம்புக்கு நல்லதாமே? (இசிபிங்கோ)

ஊற்றாதீர்கள். பம்ப் சீல் ஒழுகினால் சீலை மாற்றுங்கள். ஃபில்டரை 10,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். பம்புக்கு அதுதான் மருந்து.

என் 80-க்கு 75 மி.மீ. லிஃப்ட் போட்டேன், 285 டயரும் மாட்டினேன். இப்போது என்2 நெடுஞ்சாலையில் 110 போனால் ஸ்டியரிங் அலைகிறது. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது. கடைக்காரர் 'பழகிவிடும்' என்கிறார். (டொங்காட்)

பழகாது. மரண பயம்தான் பழகும். இந்த லிஃப்ட் வியாபாரத்தைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் போதவில்லை. நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது என்று பில் போட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் மாற்றியதும் வண்டியில் வேறு ஏழெட்டு விஷயங்கள் மாறியிருக்கும். அவற்றை யாரும் தொடுவதில்லை.

முதலில் ஸ்டியரிங். முன் ஆக்சில் ரேடியஸ் ஆர்மில், அதாவது அதைச் சேஸியோடு இணைக்கும் கையில், தொங்குகிறது. பாடியை உயர்த்தினால் ஆக்சில் முன்பக்கமாகச் சுழன்று காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு; வண்டியை நேராக ஓட வைப்பது) குறையும். 50 மி.மீ.க்கு ஏறக்குறைய 2 டிகிரி போய்விடும். கம்பெனி கொடுத்ததே 3 டிகிரிக்குப் பக்கம்தான். மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 50 மி.மீ. வரை ஆர்மின் ஆக்சில் பக்கம் போடும் ஆஃப்செட் புஷ் போதும். 75 என்றால் கரெக்‌ஷன் பிளேட்டோ வேறு ஆர்மோ வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: காஸ்டரைத் திருப்பினால் டிஃப் (ஆக்சில் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) பினியனின் மூக்கு கீழே சாயும், அதைச் சுழற்றும் முன் ப்ராப் ஷாஃப்டின் கோணம் கெடும். 80-இல் நாலு சக்கரமும் எப்போதும் ஓடுவதால் அந்த அதிர்வு நெடுஞ்சாலையில் உட்காருமிடத்திலேயே தெரியும்.

பிரேக். பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு கம்பி போகும், அதன் மேல் பிரபோர்ஷனிங் வால்வு. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு சுமை என்று அது கணக்கிடும். நீங்கள் 75 மி.மீ. தூக்கிவிட்டீர்கள். வண்டி காலியாக இருக்கிறது, பின் பிரேக்குக்கு அழுத்தம் தேவையில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. முழு வேலையும் முன் பிரேக்கின் தலையில். மூக்கு குத்துவது அதனால்தான். தூக்கிய அளவுக்கு ஆக்சில் பக்க பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். ஒரு துண்டு இரும்பு, நாலு போல்ட். இதைச் செய்யாமல் ஐந்து பேரையும் கூலர் பாக்ஸையும் ஏற்றிக்கொண்டு வான் ரீனன் கணவாயில் இறங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று கடைக்காரருக்குத் தெரியாமலா இருக்கும்?

இன்னும் பாருங்கள். சேஸியில் ஜாக் வைத்து நாலு சக்கரமும் தொங்கும்படி தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், டிஃப் பிரீதர் (காற்றுப் போக்கு) குழாய் எதுவும் விறைக்கக் கூடாது. பன்ஹார்ட் ராட் (ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பி) அப்படியே இருந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராட் போடுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே உட்கார்ந்து சில மாதத்தில் கிழியும். ஹெட்லைட்டைத் தாழ்த்தினீர்களா? எதிரே வருபவர் கண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

டயர் கணக்கு: 275/70 ஆர்16 விட்டம் சுமார் 790 மி.மீ., 285/75 ஆர்16 சுமார் 835. ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டர் சொல்வதைவிட வண்டி வேகமாக ஓடும். இதையெல்லாம் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, எதற்கு 75? கூரையில் டென்ட், பின்னால் டிராயர், இரண்டாவது டேங்க் எதுவும் இல்லாத வண்டிக்கு 400 கிலோ சுமை ஸ்பிரிங் போட்டு முதுகெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். 50 போதும். நல்ல ஷாக் வாங்க அந்த மிச்சக் காசு உதவும்.

கோஸி பே போகிறோம். போன முறை மணலில் மூன்று தடவை மாட்டினோம். எந்த டயர் வாங்கலாம்? (லெனேசியா)

டயரில் எத்தனை பார் காற்றழுத்தத்தில் போனீர்கள் என்று எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. காற்றை இறக்குங்கள். டயர் வாங்க வேண்டாம், கம்ப்ரசரும் சரியான கேஜும் வாங்குங்கள். மணலில் 1 பார், மாட்டினால் 0.8. அதற்கும் கீழே 0.6-ஐத் தொட்டால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்கு ஏறியதும் திரும்ப 2.2-க்கு மேல் நிரப்புங்கள். காற்றில்லாத டயரில் 100 போனால் சூடாகி வெடிக்கும். சரளைக்கு 1.6, 1.8 போதும்.

லோ ரேஞ்ச் (மெதுவாக, பலமாக இழுக்கும் கியர் வரிசை), இரண்டு அல்லது மூன்றாவது கியர், ஒரே சீரான வேகம். நிற்க வேண்டுமானால் பிரேக் மிதிக்காதீர்கள், உருண்டு நிற்கட்டும். மிதித்தால் சக்கரத்துக்கு முன் மணல் குவியும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் காலை எடுங்கள். தோண்டினால் வயிறு உட்காரும். மத்தியான வெயிலில் மணல் இன்னும் இளகும், காலையிலேயே போய்விடுங்கள். கோஸி முகத்துவாரத்துக்கு அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். கடற்கரையில் ஓட்டுவது 2002 முதல் தடை, சும்மா இறங்கிவிடாதீர்கள்.

டோ பால் (ட்ரெய்லர் மாட்டும் உருண்டை) மீட்புக் கொக்கி அல்ல. அதில் கயிறு மாட்டி இழுத்தால் உடைந்து பின்வண்டியின் கண்ணாடி வழியே வரும். உயிர் போயிருக்கிறது.

முன் சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. 80 டீசல். (மெரிபேங்க்)

ஆக்சிலின் உள் சீல் போய்விட்டது. டிஃப் ஆயில் நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு) உருண்டைக்குள் இறங்கி கிரீஸைக் கரைக்கிறது. துடைத்துவிட்டு ஓட்டினால் ஜாயின்ட் சத்தம் போட ஆரம்பிக்கும், பிறகு உடையும். இரண்டு பக்கமும் முழுதாகப் பிரித்து உள் சீல், வைப்பர் சீல், மேல் கீழ் பேரிங் எல்லாம் மாற்றுங்கள். மாலிப்டினம் கிரீஸ், உருண்டையில் முக்கால்வாசி. அதற்கு முன் டிஃப்பின் பிரீதரை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி புதுச் சீலையும் தள்ளிவிடும். ஆற்றில் இறங்குபவரானால் பிரீதரை ஒரு குழாயில் எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். சூடான டிஃப் தண்ணீரில் பட்டதும் குளிர்ந்து சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும்.

காவடி ஊர்வலத்தில் தேர் வைத்த ட்ரெய்லரை என் நிசான் பேட்ரோல் இழுக்கிறது. நடைவேகம்தான், ஆனால் கிளட்ச் நாறுகிறது. லோ ரேஞ்ச் போட்டால் தெருமுனையில் திரும்ப முடியாமல் வண்டி திணறுகிறது. (மவுண்ட் எட்ஜ்கம்)

நல்ல கேள்வி. தாரில் நாலு சக்கரம் பூட்டித் திருப்பினால் முன்னும் பின்னும் ஒரே தூரம் ஓட வேண்டியிருப்பதால் முறுக்கேறும், திணறல் அதுதான். கைப்பிடி ஹப் (முன் சக்கரத்தை ஆக்சிலோடு கையால் பூட்டும், விடுவிக்கும் அமைப்பு) இருக்கும் பேட்ரோலில் வழி சுலபம்: முன் ஹப் இரண்டையும் ஃப்ரீயில் வையுங்கள், பிறகு லோ ரேஞ்ச் போடுங்கள். பின் சக்கரம் மட்டும் லோவில் ஓடும். முதல் கியரில் கிளட்சை விட்டுவிட்டால் கால் வைக்காமலே பக்தர்களோடு நடக்கும். எல்லா இழுப்பும் பின் ஆக்சிலில் விழுவதால் மேட்டில் திடீரென்று மிதிக்காதீர்கள். ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் விஸ்கஸ் ஃபேன் சரியாகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நடைவேகத்தில் காற்று அதுதான்.

ட்ரெய்லரின் மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போனால் அதற்கே பிரேக் வேண்டும், ஓட்டுபவருக்கு ஈபி லைசென்ஸ் வேண்டும். கோவில் வேலை என்றாலும் சட்டம் அதேதான்.

பழைய லேண்ட் குரூசர் 60-க்கு லெக்ஸஸ் வி8 போடலாமா? (ஸ்டேங்கர்)

போடலாம், நாடு முழுக்க போடுகிறார்கள். எஞ்சின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். அடாப்டர் பிளேட், பொருந்தும் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்), வயரிங், பெரிய ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், பம்ப் எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் விலை மாதிரி மூன்று நாலு மடங்கு. முன் ஆக்சிலில் சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இடிக்காதா என்று முதலில் அளந்து பாருங்கள். பிரேக்கையும் பலப்படுத்துங்கள்.

எஞ்சினுக்கு ரசீது வாங்கி, போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து, பதிவில் எஞ்சின் நம்பரை மாற்றுங்கள். நம்பர் மாற்றாத வண்டி விற்கப் போகும் அன்று நின்றுவிடும். வாங்குபவருக்கும் இதே புத்திமதி: நம்பரைப் பதிவுச் சான்றோடு ஒத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

லெசோத்தோ எல்லையில் சானி பாஸ் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் புகைகிறது. ஏறும்போது வண்டிக்கு மூச்சே இல்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இறங்கும்போது பிரேக் மிதிப்பதால் புகைகிறது. லோ ரேஞ்ச், முதல் கியர், எஞ்சின் பிடிக்கட்டும். மேலே 2,876 மீட்டர். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீத பலத்தை இழக்கும், கால்வாசிக்கு மேல் போய்விடும். அதற்கு மருந்து கியர்தான். குளிர்காலத்தில் டீசல்காரர்கள் டர்பனில் நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். மலையடிவாரத்து அண்டர்பர்க்கில் நிரப்புங்கள், இல்லையென்றால் லெசோத்தோ விடியலில் டீசல் மெழுகாகி ஃபில்டர் அடைக்கும்.

ஃபிரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரி: எத்தனை ஆம்பியர்-மணி? (போர்ட் ஷெப்ஸ்டன்)

40 லிட்டர் ஃபிரிட்ஜ் நாளுக்கு 40 ஆம்பியர்-மணி சாப்பிடும். சாதா லெட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அப்படியானால் குறைந்தது 80, கைக்காவலோடு 100 வேண்டும், அதுவும் ஒரு நாளுக்கு. பேட்டரிகளுக்கு நடுவே 35 சதுர மி.மீ. கேபிள், இரண்டு முனையிலும் ஃபியூஸ். பின்னால் ஃபிரிட்ஜ் வரை 6 சதுர மி.மீ. கேபிள். மெல்லிய வயர் போட்டுவிட்டு ஃபிரிட்ஜ் கம்பெனியைத் திட்டாதீர்கள்.

என் வண்டி நடுங்குகிறது. என்ன செய்ய? (லேடிஸ்மித்)

என்ன வண்டி? எந்த வேகத்தில்? தாரிலா சரளையிலா? பிரேக் மிதிக்கும்போதா, விட்டிருக்கும்போதா? லிஃப்ட் போட்டதா? இவற்றை எழுதி அனுப்புங்கள். அதுவரை வீல் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.