பீடியை விட்டேன், இருமல் கூடிவிட்டதே?

கேள்வி: எனக்கு 47 வயது, ஊர் புளியரை. காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் வரை லாரி ஓட்டுகிறேன். 25 வருடமாகத் தினம் ஒரு கட்டு பீடி. விட்டு மூன்று வாரம் ஆகிறது. முன்னைவிட இருமலும் சளியும் அதிகம், காலையில் மலம் சரியாகப் போவதில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. “ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது, ரெண்டாவது பிடி” என்கிறார்கள் கூட இருப்பவர்கள். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறாள், அந்த வாசனையே இழுக்கிறது. இவ்வளவு வருடம் கழித்து விட்டு என்ன பிரயோஜனம்?

பதில்: ரெண்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தினம் ஒன்றே ஒன்று புகைத்தாலும் மாரடைப்பு ஆபத்து கணிசமாகவே இருக்கும், அதனால் குறைத்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு இதயத்திடம் செல்லாது.

முதலில் இருமல். மூச்சுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் உண்டு, தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கிப் போட்டிருந்தது, இப்போது மறுபடி அசையத் தொடங்கியிருக்கின்றன, தேங்கிக் கிடந்த சளி வெளியே வருகிறது. இது பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், சிலருக்குச் சில மாதம் இழுக்கும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிற எந்த இருமலுக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும், புகைத்தவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இலவசம்தான். சளியில் ரத்தம், எடை குறைவு, நெஞ்சுவலி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

மலச்சிக்கலைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள், நீங்கள் எழுதியது நல்லது. நிக்கோட்டின் குடலைத் தூண்டும், பீடி பிடித்தால்தான் வெளிக்கு வரும் என்று பழகிப்போனது அதனால்தான். தண்ணீர், வாழைப்பழம், கீரை என்று கொஞ்ச நாள் கவனித்துக்கொள்ளுங்கள், குடல் தானாகப் பழகிவிடும். கோபமும் அப்படித்தான், முதல் வாரம்தான் உச்சம், பெரும்பாலோருக்கு ஒரு மாதத்துக்குள் அடங்கும்.

பிரயோஜனம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். பீடிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விட்ட ஓரிரு நாளிலேயே அது இறங்கிவிட்டது. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி இறங்கி டயருக்குக் கட்டை வைத்துவிட்டு ஏறும்போது மூச்சு வாங்குமே, அதைக் கவனித்து வாருங்கள், அடுத்த சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். ஒரு வருடத்தில், கூடுதலாக இருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். பத்து வருடத்தில், புகைப்பதைத் தொடர்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்தும் பாதியளவுக்கு வரும். 50 வயதில் விட்டவர்களுக்கே சராசரியாக 6 ஆண்டு ஆயுள் மிச்சமாகிறது, உங்களுக்கு இன்னும் 50 ஆகவில்லை.

உங்களுக்கு ஆபத்தான இடம் டீக்கடை. சாயா கையில் வந்ததும் மற்றொரு கை தானாகப் பையைத் தடவும். கொஞ்ச நாள் வண்டிக்குள்ளேயே டீ குடியுங்கள், இல்லாவிட்டால் மோருக்கு மாறுங்கள். இழுப்பு வந்தால் சில நிமிடங்களில் போய்விடும், அந்த நிமிடங்களை மட்டும் தாண்டினால் போதும். தாங்கவில்லையென்றால் டாக்டரைக் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கலாம், ஆனால் மிட்டாய் போல மென்று தள்ளக் கூடாது. காரம் ஏறும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக வேலை செய்யாது. பேச ஆள் வேண்டுமென்றால் 1800112356, கட்டணமில்லா எண்.

அப்புறம் உங்கள் மனைவி. புகைக்காவிட்டாலும் புகையிலைத் தூள் அவர் மூச்சிலும் போகிறது, தோல் வழியாக நிக்கோட்டினும் ஏறுகிறது. சுளகை நீங்கள் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம், காற்றோட்டமான திண்ணையில் சுற்றட்டும், அடுப்படிக்குப் போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். அவருக்கும் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள்.