மார்ச்சில் லோஃபோடன் போகலாமா?

கேள்வி: மார்ச் மூன்றாம் வாரம் குடும்பத்தோடு நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்குப் போகிறோம். ஐந்து நாள் பயணம். ‘ஜூனில் போனால் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கலாம், மார்ச்சில் குளிரைத் தவிர என்ன இருக்கிறது?’ என்கிறார்கள். டிக்கெட்டை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். லோஃபோடன் மீனால் பிழைத்த ஊர். அந்தப் பிழைப்பை நேரில் பார்க்க மார்ச்தான் சரியான மாதம்.

‘ஸ்க்ரெய்’ எனப்படும் காட் மீன், ஜனவரி முதல் ஏப்ரல் வரை பாரன்ட்ஸ் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக இங்கே முட்டையிட வருகிறது. பிடித்த மீனின் தலையை எடுத்து, குடலை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு கல் கூடப் போடுவதில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருந்தும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் தொட்டுப் போவதால் இந்த மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கடுங்குளிர் அடித்தால் மீன் உறைந்து கெட்டுவிடும். வெயில் ஏறினால் ஈ மொய்க்கும். இரண்டுக்கும் நடுவில் காற்றிலேயே கருவாடாகிறது. மே மாதம் வரை காய்ந்து இறங்கும்போது விறகுக்கட்டை மாதிரி இருக்கும். அப்புறம் தரம் பிரிப்பவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பார்த்து, மோந்து பிரிப்பார். நல்ல மீனில் பெரும்பகுதி இத்தாலிக்குப் போகிறது. 1432இல் வெனிஸ் வணிகர் பியேத்ரோ குவெரினி கப்பல் உடைந்து லோஃபோடனின் தென்கோடியில் உள்ள ரோஸ்ட் தீவுப் பக்கம் கரை ஒதுங்கியதையே அந்த உறவின் தொடக்கமாகச் சொல்வார்கள். தலைகளையும் வீணாக்குவதில்லை, காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சூப்புக்கு.

மீன் இறங்கும் கொட்டகை ஏதாவது கண்ணில் பட்டால் அனுமதி கேட்டு எட்டிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் மீன்தலையைக் கம்பி முனையில் குத்தி, நாக்கை ஒரே வெட்டில் எடுப்பார்கள். அதில் வரும் காசு அவர்களுக்கே. உங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். எவெனஸ் விமான நிலையத்தில் இறங்கி கார் எடுத்தால், ஃபெரி ஏறாமலே லோஃபோடனின் முக்கிய ஊரான ஸ்வோல்வேர் போகலாம். 2007இல் அந்தச் சாலை முழுமையானது. தீவுகளை இணைக்கும் ஈ10 சாலையில் பனி உறைந்திருக்கும், காற்றும் பலமாக அடிக்கும். அதனால் ஒரு நாளில் தீவுகள் முழுவதையும் சுற்றத் திட்டமிடாதீர்கள். ஸ்வோல்வேர், ஹென்னிங்ஸ்வேரில் இரண்டு நாள், ரெய்னே பக்கம் இரண்டு நாள் போதும். வழியில் போர்க் என்ற ஊரில் 83 மீட்டர் நீள வைக்கிங் வீட்டை மறுபடி கட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நேரம் என்பதால், வானம் தெளிந்தால் துருவ ஒளியும் தெரியலாம். ஜூனில் அதற்கு வழியே இல்லை.

தங்குவதற்கு ‘ரோர்பு’ எடுங்கள். ஒரு காலத்தில் மீனவர்கள் தங்கிய, கடலோரத்தில் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள் அவை. ஆனால் பக்கத்திலேயே மீன் காயும் சட்டம் இருந்தால் வாடை வரத்தான் செய்யும். வீட்டில் யாருக்காவது அது ஒத்துக்கொள்ளாது என்றால், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.