மகன் கேட்பது மொன்ஸ்டர் ட்ரக்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு மண்ணிலும் கல்லிலும் ஓடுகிற ரிமோட் வண்டி கேட்கிறான். அவன் விருப்பம் மொன்ஸ்டர் ட்ரக். கடைக்காரர் பகி என்ற தாழ்வான வகையை எடுக்கச் சொல்கிறார். என் தம்பி, கல்லில் மெதுவாக ஏறும் க்ரோலர்தான் நல்லது என்கிறான். நாங்கள் இருப்பது தொடர்மாடியில். கடற்கரை பக்கத்தில்தான். எதை வாங்கலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, உங்கள் தம்பி சொன்னதுதான் சரி.

வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதை வைத்துத்தான் வகையைத் தெரிவு செய்ய வேண்டும். ‘கடற்கரை பக்கத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. மரைன் ட்ரைவையும் தண்டவாளத்தையும் கடந்துதான் அங்கே போகலாம். வேகமாக ஓடும் வண்டியைத் துரத்துகிற பிள்ளைக்கு ரெயில் சத்தம் காதில் ஏறாது. வண்டிக்கும் அந்த மணல் கூடாது. உப்பு ஈரம் பெயாரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், நொய்மணல் கியருக்குள் போய் பல்லைத் தேய்க்கும். பெட்டியில் ‘வோட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் மின்பாகங்களுக்குத்தான்.

பகி தாழ்வான வண்டி. இறுகிய மண் தரையில் வளைவுகளை அழகாகப் பிடிக்கும். புல் கொஞ்சம் வளர்ந்திருந்தால் வயிறு தட்டி நின்றுவிடும். மொன்ஸ்டர் ட்ரக்கின் பெரிய சில்லு புல்லையும் பள்ளத்தையும் தாண்டும், ஆனால் உயரமாக இருப்பதால் வேகத்தில் திருப்பினால் புரளும். ப்ரஷ்லெஸ் என்ற வேகம் கூடிய மோட்டரும் 3 செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பெற்றரியும் பூட்டியது மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும். தொடர்மாடியின் கார் தரிப்பிடத்தில், சின்னப் பிள்ளைகள் நடுவே, அதை ஓட்ட விடாதீர்கள்.

க்ரோலர் நடை வேகத்தில்தான் போகும். பெரும்பாலானவற்றில் நான்கு சில்லும் ஒன்றாகவே சுற்றும்படி டிஃபரென்ஷலை (சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதியை) இறுக்கி வைத்திருப்பார்கள். அதனால் ஒரு சில்லு அந்தரத்தில் நின்றாலும் மற்றவை இழுக்கும். ரயர் மெத்தென்று கல்லைக் கவ்வும். நிஜ வண்டியில் 18இல் 1 பங்கு அளவுள்ளது மேசையில் அடங்கும். இரண்டு செங்கல், ஒரு பலகை, பழைய புத்தகக் கட்டு இருந்தால் வீட்டுக்குள்ளேயே மலை தயார். எந்தச் சில்லை எந்தக் கல்லில் வைப்பது என்று பிள்ளை குனிந்து பார்த்து யோசிப்பான். எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனாலும் கேட்டது அவன். பாய்ந்து ஓடுவதுதான் அவனுடைய ஆசை என்றால், க்ரோலரைத் திணித்தால் அது அலுமாரிக்குள்தான் கிடக்கும். சனி, ஞாயிறில் மைதானத்துக்குக் கூட்டிப்போகப் பெரியவர் ஒருவர் இருந்தால், சாதாரண ப்ரஷ் மோட்டர் மொன்ஸ்டர் ட்ரக்கே வாங்கிக் கொடுங்கள்.

எதை எடுத்தாலும், காசு கொடுக்கும் முன் கியர், சஸ்பென்ஷன் கை, சில்லைத் திருப்பும் சேர்வோ எல்லாம் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைப்பவை பலவற்றில் மின்பாகங்கள் ஒரே சர்க்யூட் பலகையில் ஒட்டியிருக்கும். ஒன்று போனால் முழு வண்டியும் போச்சு.

முதல் வண்டிக்கு நிக்கல் பெற்றரி போதும். லிப்போ என்றால் சீமெந்துத் தரையில் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். ஊதிப்போன பெற்றரியைத் திரும்பப் பாவிக்கவே கூடாது.