கனடாவில் ‘இன்ஜினியர்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

கோவையில் பி.இ. சிவில் முடித்து, சில வருஷம் கட்டட டிசைன் வேலை பார்த்துவிட்டு, பி.ஆரில் (நிரந்தரக் குடியுரிமை விசாவில்) டொராண்டோ வந்து இறங்கியிருக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: விசிட்டிங் கார்டிலும் லிங்க்ட்இன்னிலும் ‘ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்’ என்று போடலாமா?

இப்போதைக்குப் போடாதீங்க தம்பி. நம் ஊரில் டிகிரி கையில் வந்த அன்றைக்கே வீட்டு வாசல் பலகையில் ‘Er.’ ஏறிவிடும், யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்துக்கு 1972-இலேயே சட்டம் வந்துவிட்டது, இன்ஜினியருக்கு அப்படி ஒன்று இல்லை. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் கதை வேறு. இங்கே 1922-லிருந்து ‘புரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ’, சுருக்கமாக பி.ஈ.ஓ., லைசென்ஸ் கொடுக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர், தான் இந்தத் தொழில் செய்யத் தகுதி பெற்றவர் என்று மற்றவர் நம்பும்படி ‘இன்ஜினியர்’ என்று போட்டுக்கொண்டால் முதல் தடவைக்கு 10,000 டாலர் வரை அபராதம், அடுத்தடுத்து 25,000 வரை. ரயில் ஓட்டுகிறவரை இங்கே லோகோமோட்டிவ் இன்ஜினியர் என்பார்கள். அது வேறு கணக்கு, அதைக் காட்டி வாதாட முடியாது.

பலர் இங்கேதான் பயந்துபோய், லைசென்ஸ் வரும்வரை வேலையே கிடையாது என்று நினைத்து வேர்ஹவுஸ் பக்கம் போய்விடுகிறார்கள். அது தேவையில்லை. ஒரு பி.எங்., அதாவது லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர், பொறுப்பேற்று மேற்பார்வை பார்த்தால், அவருக்குக் கீழே நீங்கள் பீம் கணக்கு போடலாம், டிராயிங் தயார் செய்யலாம். முத்திரையும் கையெழுத்தும் அவருடையது, அவ்வளவுதான். ‘ஸ்ட்ரக்சுரல் டிசைனர்’, ‘டிசைன் அனலிஸ்ட்’ என்ற பெயர்களில் வரும் விளம்பரங்களைத் தேடுங்க. கார்டிலும் அதையே போட்டுக்கொள்ளலாம்.

ஆபீஸில் சிலர் சுண்டுவிரலில் பட்டை தீட்டிய மாதிரி ஓர் இரும்பு மோதிரம் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். 1925-இலிருந்து இங்கே படித்து முடிப்பவர்கள் ஒரு சடங்கில் உறுதிமொழி எடுத்துப் போட்டுக்கொள்வது அது. லைசென்ஸ் அல்ல. 1907-இல் 75 பேரைப் பலிகொண்டு இடிந்த கியூபெக் பாலத்தின் இரும்பில் செய்தது என்று மதியச் சாப்பாட்டில் யாராவது சொல்வார்கள், நம்பாதீங்க.

இனி லைசென்ஸ். நீங்கள் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். முன்பு கனடாவில் ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. வேலைக்கு லைசென்ஸ் கேட்பான், லைசென்ஸுக்கு வேலை கேட்பான். 2023 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். மொத்தம் 48 மாத அனுபவம் வேண்டும், கோவை அனுபவத்தையும் காட்டலாம். படிப்பைத் தனியே பார்ப்பார்கள். தொழில்நுட்பப் பரீட்சை எழுதச் சொல்லலாம். நாடுகள் ஒன்றின் இன்ஜினியரிங் படிப்பை மற்றொன்று ஏற்கும் ஒப்பந்தமான வாஷிங்டன் அக்கார்டில் இந்தியா 2014-இல் சேர்ந்தது உண்மைதான், ஆனால் அதை வைத்துத் தானாக லைசென்ஸ் வராது. பி.ஆருக்காக எடுத்த, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் வெஸ் (WES) அறிக்கையும் லைசென்ஸ் ஆகாது. சட்டம், தொழில் ஒழுக்கம் பற்றிய என்.பி.பி.ஈ. பரீட்சை எல்லோருக்கும் உண்டு, படித்தால் எழுதிவிடலாம்.

உண்மையில் கை வலிப்பது அனுபவத்தை எழுதிக் காட்டுவதில்தான். 34 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம்: நிலைமை என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது. நம்மவர்கள் அடக்கமாக ‘எங்கள் டீம் ஃபவுண்டேஷனை மாற்றியது’ என்று எழுதுவார்கள். அது செல்லாது. ‘மண் பரிசோதனை அறிக்கையில் தாங்கு திறன் குறைவாக இருந்தது, தனித்தனி ஃபுட்டிங்குக்குப் பதில் ராஃப்ட் போடலாம் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன்’ என்று எழுத வேண்டும். அதை உங்களுடன் வேலை பார்த்தவர் உறுதிப்படுத்த வேண்டும். அதனால் கோவை பாஸுக்கு இந்த வாரமே போன் போடுங்க. அவர் ஓய்வு பெற்று, ஆபீஸ் ஈமெயிலும் மூடிய பிறகு ஆளைத் தேடுவது பெரும்பாடு.